மாரி விடுமுறையில் பிள்ளைகளோடு என்ன செய்யலாம்? யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கான கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறதா?

ஐப்பசியில் மழை தொடங்கி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்து, மார்கழியில் விட்டுவிட்டுப் பெய்து, தையில் காலைப் பனியோடு முடிகிற மாரிதான் நமக்குக் குளிர்காலம். தை விடியலில் வெப்பநிலை 22 பாகை செல்சியசுக்கு இறங்கினாலே ஆச்சிமார் பேரப்பிள்ளைகளின் காதைத் துணியால் மூடிக் கட்டத் தொடங்கிவிடுவார்கள். பள்ளிக்கூட விடுமுறையும் டிசெம்பரில்தான் வருகிறது. திட்டம் போடும்போது நாட்காட்டியை நம்ப வேண்டாம், முற்றத்து மண்ணைப் பாருங்கள். மண் சதசதவென்று இருக்கும் நாட்கள் வீட்டு வேலைக்கும் விளையாட்டுக்கும். வாடைக்காற்று எழும்பி மண் இறுகத் தொடங்கினால் பட்டத்துக்கும் பயணத்துக்கும் நாள் வந்துவிட்டது.

பட்டம் விட எப்போது தொடங்கலாம்?

கார்த்திகைக் கடைசியிலேயே பொடியன்கள் தொடங்கிவிடுவார்கள். ஆனால் நனைந்த ரிசு பேப்பர் ஒரு தூறலுக்குக்கூடத் தாங்காது. மார்கழி நடுப்பகுதியிலிருந்து தை முடியும் வரைதான் நல்ல காலம். காற்று போதுமா என்று அறிய மரத்தைப் பாருங்கள். இலைகளும் சிறு கொப்புகளும் ஓயாமல் ஆடினால் சின்னப் பட்டத்துக்கு அளவான காற்று. தென்னை வட்டே வளைந்து ஒரு பக்கம் சாய்ந்தால் அன்று விட வேண்டாம், ஈர்க்கு முறியும். பிற்பகல் 3 மணிக்குப் பின் காற்று சீராக இருக்கும், வெயிலும் கண்ணைக் குத்தாது.

ஏழு, எட்டு வயதுப் பிள்ளையோடு சேர்ந்து கட்டக்கூடிய பட்டம் எது?

கொக்கு, பிராந்து, எட்டுமூலை எல்லாம் பார்க்க அழகுதான். ஆனால் முதற்பட்டம் சாதாரண நாலுமூலைப் பட்டமாக இருக்கட்டும். அதைச் சரியாக ஏற்றப் பழகிய பிள்ளைக்கு மற்றவற்றின் சூட்சுமம் தானாக விளங்கும்.

வேண்டியவை: 50 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு மூங்கில் சிம்புகள். நடுச்சிம்பு 3 மில்லிமீற்றர் தடிப்பு, குறுக்குச்சிம்பு அதைவிட மெல்லியது. ஒரு ரிசு பேப்பர், தையல் நூல், பசை. மூங்கில் கிடைக்காவிட்டால் தென்னை ஈர்க்கும் போதும், ஆனால் ஈர்க்கின் அடி தடித்தும் நுனி மெலிந்தும் இருக்கும். குறுக்காகப் போடும்போது இரண்டு ஈர்க்குகளை அடியும் நுனியும் மாறிமாறி வரும்படி சேர்த்துக் கட்டுங்கள். இல்லையென்றால் பட்டம் தடித்த பக்கமாகவே சாய்ந்துகொண்டிருக்கும்.

நடுச்சிம்பின் மேல்நுனியிலிருந்து 13 சென்ரிமீற்றரில் குறுக்குச்சிம்பை வைத்து, நூலைப் பெருக்கல் குறி போல நாலைந்து சுற்றுச் சுற்றி முடியுங்கள். முடிச்சில் ஒரு பொட்டுப் பசை வைத்தால் வழுக்காது. இனி நடுச்சிம்பை விரல்மேல் கிடையாக வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கச் சிம்பைக் கத்தியால் இலேசாகச் சீவ வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டிப் போவார்கள். பிறகு வயலில் நின்று வாலைக் கூட்டிக் குறைத்து மாரடிப்பார்கள்.

நாலு நுனிகளையும் சுற்றி நூலை இழுத்துக் கட்டி, பேப்பரை அதைவிட 2 சென்ரிமீற்றர் கூடுதலாக வெட்டி, ஓரத்தை நூலுக்கு மேலால் மடித்து ஒட்டுங்கள். பசைக்கு இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை அரைக் கோப்பைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கூழாகும் வரை கிண்டினால் போதும். முந்தியெல்லாம் பூச்சி அரிக்காமல் துரிசு சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் விரலை நக்குவார்கள், வேண்டாம். பசையை அள்ளிப் பூசினால் பேப்பர் ஈரமாகிச் சுருங்கும்.

முச்சை எப்படிக் கட்டுவது?

பட்டத்தை ஏற்றும் நூலோடு இணைக்கும் மூன்று நூல் கட்டுத்தான் முச்சை. பட்டம் ஏறுவதும் விழுவதும் அதில்தான் இருக்கிறது. மேலே குறுக்குச்சிம்பில், நடுவிலிருந்து இடமும் வலமும் 8 சென்ரிமீற்றரில் இரண்டு நூல். கீழே நடுச்சிம்பில், மேல்நுனியிலிருந்து 40 சென்ரிமீற்றரில் ஒரு நூல். பேப்பரில் ஊசியால் துளையிட்டு, நூலைச் சிம்போடு சேர்த்துக் கட்ட வேண்டும். மேல் நூல்கள் ஒவ்வொன்றும் 22 சென்ரிமீற்றர், கீழ் நூல் 31 சென்ரிமீற்றர் வரும்படி மூன்றையும் ஒரே முடிச்சில் சேருங்கள். மேல் நூல்கள் இரண்டும் அச்சொட்டாக ஒரே நீளம் இருக்க வேண்டும். முடிச்சைப் பிடித்துத் தூக்கினால் பட்டத்தின் தலைப்பக்கம் சற்று உயர்ந்தும் வால்பக்கம் தாழ்ந்தும் தொங்கும்.

வாலுக்குப் பழைய பருத்திச் சேலைக்கரையோ சாரமோ நல்லது. இரண்டு விரல் அகலத்தில் கிழித்து 3 முதல் 4 மீற்றர் வரை கட்டுங்கள். காற்று கூடினால் நீட்டவும் குறைந்தால் வெட்டவும் வசதியாக ஒரு மீற்றர்த் துண்டுகளாக முடிந்து வையுங்கள்.

பட்டம் குத்துகிறது, சுற்றுகிறது. என்ன பிழை?

நேராகத் தலைகீழாய்க் குத்தினால் முச்சை முடிச்சு மேலே போய்விட்டது, அல்லது வால் போதாது. முதலில் ஒரு மீற்றர் வாலைச் சேர்த்துப் பாருங்கள். சரிவராவிட்டால் முடிச்சை அரைச் சென்ரிமீற்றர் கீழே இறக்குங்கள். நூலை விறைப்பாக இழுத்துக்கொண்டு மேலே ஏறாமல் பின்னால் தொங்கினால் முடிச்சு கீழே நிற்கிறது, மேலே ஏற்ற வேண்டும். எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றினால் சமநிலை இல்லை: மேல் நூல் ஒன்று நீண்டிருக்கும் அல்லது ஒரு சிம்பு தடித்திருக்கும். அவசரத்துக்கு எதிர்ப்பக்க நுனியில் சிறு துணித்துண்டைக் கட்டிச் சமாளிக்கலாம். இடமும் வலமும் மாறிமாறி ஆடினால் வால் பாரம் குறைவு. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது பிழை என்பது ஒருநாளும் தெரியாது.

இன்னொன்று, பிள்ளை ஓடினால் பட்டம் ஏறும் என்பது பொய். 20 மீற்றர் தூரத்தில் ஒருவர் பட்டத்தைத் தலைக்குமேல் பிடிக்க, காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் பிள்ளை நூலை இரண்டு கை வாங்கினால் தானாக எழும்பும். ஓட வேண்டியிருந்தால் அன்று காற்று இல்லை.

பட்டத்தில் பூட்டும் விண் கூவுவது எதனால்? நாமும் கட்டலாமா?

வளைத்த மூங்கில் வில்லில் இழுத்துக் கட்டிய தட்டை நாடா காற்றில் படபடப்பதால் எழும் ஒலிதான் விண்ணின் கூவல். இப்போது பெட்டி கட்டுகிற பிளாஸ்ரிக் நாடாவையே கீறிப் போடுகிறார்கள். நாடா முறுகக் கூடாது, முறுகினால் ஊமை. இழுவை தளர்ந்தால் கரகரக்கும். ஆனால் விண்ணின் பாரத்தை 50 சென்ரிமீற்றர்ப் பட்டம் தாங்காது. ஒரு மீற்றருக்கு மேற்பட்ட பட்டத்துக்குத்தான் பூட்ட வேண்டும். இரவிரவாக விண் கூவ விட்டால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் தாயிடம் பேச்சு வாங்கவும் ஆயத்தமாக இருங்கள்.

நூலிலும் இடத்திலும் என்ன கவனிக்க வேண்டும்?

பிள்ளைகள் கையில் தங்கூசி (நைலோன் நூல்) கொடுக்க வேண்டாம். ஓடும்போது விரலைக் கத்திபோல வெட்டும். அறுந்து வீதிக்குக் குறுக்கே கிடந்தால் மோட்டார் சைக்கிளில் வருபவரின் கழுத்தை அறுக்கும், மரத்தில் சிக்கினால் பறவைகள் மாட்டிச் சாகும். சின்னப் பட்டத்துக்குத் தடித்த பருத்தி நூல் தாராளம். மின்கம்பிக்குக் கிட்ட விடக்கூடாது. கம்பியில் சிக்கினால் விட்டுவிட்டு வாருங்கள், ஈர நூலில் மின்சாரம் இறங்கும். பலாலி விமான நிலையத்தை அண்டிய வெளிகளும் தண்டவாள ஓரமும் பட்டத்துக்கு இடமல்ல.

பெரிய பட்டங்களின் கயிற்றைப் பிள்ளைகள் தொடவே கூடாது. 2021 டிசெம்பரில் பருத்தித்துறைப் பக்கத்தில் பலர் சேர்ந்து பிடித்த கயிற்றை மற்றவர்கள் விட்டுவிட, பிடித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரைப் பட்டம் வானத்துக்குத் தூக்கிப்போன காணொளி உலகமெல்லாம் சுற்றியது. வளர்ந்த ஆளுக்கே அந்தக் கதி.

வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவுக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

கட்டாயம் போங்கள். தைப்பொங்கல் நாளில் உதயசூரியன் கடற்கரையில் பிற்பகலில் நடக்கும். முப்பரிமாணப் பட்டங்கள் ஒவ்வொன்றாக ஏறும். பொங்கிச் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகப் புறப்பட்டால் சனத்துக்குப் பின்னால்தான் நிற்க வேண்டிவரும். மதியத்துக்கு முன்பே புறப்பட்டு, வாகனத்தைத் தூரத்தில் விட்டு நடவுங்கள். தண்ணீர், தொப்பி, மாற்றுச் சட்டை எடுங்கள். பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டு ஒன்று இருக்கட்டும்.

பனங்கிழங்கு கிண்டுவதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டலாம்?

ஆவணி, புரட்டாதியில் பாத்தி போட்டிருந்தால் மார்கழி, தையில் கிண்டலாம். மழை ஈரத்தில் மண் இளகியிருப்பதால் பிள்ளைகளும் இழுக்க முடியும். மண்வெட்டியால் பாத்தியின் ஓரத்தைப் பெரியவர் வெட்டிவிட, பிள்ளைகள் கையால் மண்ணை விலக்கிக் கிழங்கைப் பிடுங்கட்டும். நடுவிலிருந்து நேராக இழுத்தால் பாதியில் முறியும். கிழங்கோடு வரும் கொட்டையைக் கொத்தினால் உள்ளே பூரான் என்ற வெள்ளைப் பஞ்சுப் பருப்பு இருக்கும். அதைத் தின்னத்தான் பிள்ளைகள் இவ்வளவு நேரமும் காத்திருப்பார்கள். கொத்துவது பெரியவர் வேலை, கத்தி வழுக்கும்.

தோல் உரித்துக் கழுவி, உப்பும் கொஞ்சம் மஞ்சளும் போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு 40 நிமிடம் வரை அவியுங்கள். குத்தினால் ஈர்க்கு இலகுவாக இறங்க வேண்டும். இரண்டாகப் பிளந்து நடுக்குருத்தையும் தும்பையும் இழுத்தெடுத்துவிட்டுக் கொடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்குத் தும்பு தொண்டையில் சிக்கும். மிஞ்சியதைப் பிளந்தபடி வெயிலில் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். மார்கழியில் வெயிலை நம்பிக் காயப்போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தை பிறந்து பனி வெயில் வந்தபின் போடுங்கள்.

மழை நாளில் கூழ் காய்ச்சும்போது பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

பிலாவிலை கோலுவது. காம்புப் பக்கத்தை மடித்துக் கூம்பாக்கி ஈர்க்கால் குத்த வேண்டும். ஆளுக்கு இரண்டு என்று கணக்காகச் செய்யட்டும். முறிந்த ஈர்க்குத் துண்டுகளையும் எண்ணி எறியச் சொல்லுங்கள், கூழுக்குள் விழுந்தால் வாயைக் குத்தும். பயற்றங்காய் முறிப்பதும் பலாக்கொட்டை தோல் உரிப்பதும் ஐந்து வயதுக்கே முடியும்.

ஒடியல் மாவை முதலே தண்ணீரில் ஊறவைத்து, மா அடியில் தங்கியதும் மேல்தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீரில் கரையுங்கள். இதைச் செய்யாவிட்டால் கூழ் கசக்கும். மாவைக் கடைசியில்தான் விட வேண்டும். அரிசி, மரவள்ளி, பலாக்கொட்டை வெந்து, பிறகு மீன், நண்டு, இறால் அவிந்து, அரைத்த மிளகாயும் புளியும் சேர்ந்த பின் கரைசலை ஊற்றிக் கைவிடாமல் துழாவுங்கள். முந்தி விட்டால் அடிப்பிடிக்கும். பிள்ளைகளின் பங்கைச் செத்தல் மிளகாய் சேர்க்க முன் வேறு சட்டியில் எடுத்தால் அழுகை மிச்சம்.

நாள் முழுக்க மழை. கைத்தொலைபேசி தவிர வேறென்ன?

கொக்கான், தாயம், பல்லாங்குழி, நாயும் புலியும். ஐந்து கூழாங்கல், நாலு சோகி, ஒரு பை புளியங்கொட்டை, ஒரு சோக்குக்கட்டி இருந்தால் ஒரு கிழமை ஓடும். எந்த விளையாட்டையும் பெரியவர் ஒருவர் கூட இருந்து பத்து நிமிடம் விளையாடித் தொடக்கிவைக்க வேண்டும். பொருளைக் கொடுத்துவிட்டுப் போனால் பிள்ளைகள் பழையபடி தொலைபேசிக்குத்தான் போவார்கள்.

எட்டு வயதுக்கு மேலென்றால் மழைமானி செய்யுங்கள். பக்கம் நேரான ஒன்றரை லீற்றர்ப் போத்தலின் கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகினால் புனல். அடியின் மேடுபள்ளம் மூடக் கூழாங்கல்லும் தண்ணீரும் விட்டு, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறித்து, மேலே மில்லிமீற்றர் அளவுகோல் ஒட்டுங்கள். மதிலிலிருந்தும் மரத்திலிருந்தும் விலக்கி, காற்றில் சரியாமல் ஒரு ரின்னுக்குள் மணல் போட்டு நிறுத்துங்கள். காலை 8.30க்கு வாசித்துவிட்டுச் சுழிய மட்டத்துக்கு இறக்க வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களமும் அதே நேரத்தில்தான் அளக்கிறது என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 100 சதுர மீற்றர்க் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 100 லீற்றர் தண்ணீர் என்று சொல்லுங்கள், மிச்சக் கணக்கைப் பிள்ளைகளே போடுவார்கள். கிணற்று நீர்மட்டம் வாரம் வாரம் ஏறுவதையும் கல் கட்டிய நூலால் அளக்கலாம். ஆனால் நூலை இறக்குவது பெரியவர், எழுதுவது பிள்ளை.

விளக்கீடு, திருவெம்பாவை, பாலன் குடில்: பிள்ளைகள் எதில் சேரலாம்?

கார்த்திகை விளக்கீட்டுக்கு வாழைக்குற்றியைப் படலையடியில் நட்டு, மேலே சிட்டி (சிறு மண்விளக்கு) வைத்து எரிப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. தலைப்பைச் சிட்டி அளவுக்குக் குழியாக வெட்டினால் காற்றுக்குச் சரியாது. திரி தடிப்பாகவும் எண்ணெய் முக்காலளவாகவும் இருக்கட்டும், நிரப்பினால் வழிந்து குற்றியே பற்றும். நைலோன் சட்டையோடு விளக்குக்குக் கிட்ட விட வேண்டாம்.

திருவெம்பாவை மார்கழித் திருவாதிரையோடு முடியும் பத்து நாட்கள். இருட்டோடு எழும்ப வேண்டும் என்பதால் பத்து நாளும் இழுக்காமல், பிள்ளை விரும்பும் இரண்டு, மூன்று நாள் போதும். சங்கும் சேமக்கலமும் கையில் கொடுத்தால் தானாக எழும்பும்.

பாலன் குடிலுக்குப் பச்சைப் புல் வேண்டுமென்றால் நத்தாருக்குப் பத்து நாள் முன் நெல்லையோ குரக்கனையோ ஓரிரவு ஊறவைத்துத் தட்டில் மண் பரப்பித் தூவுங்கள். அதற்கு முந்தினால் நீண்டு சரிந்துவிடும், பிந்தினால் முளையே தெரியாது.

பறவை பார்க்க எங்கே போகலாம்?

கிட்ட வேண்டுமானால் பண்ணைப் பாலமும் மண்டைதீவுப் பக்கமும். விடியக் காலையோ மாலையோ, வெயில் உங்கள் முதுகில் விழும் பக்கத்தில் நில்லுங்கள். நாரை, நீர்க்காகம், கரண்டிவாயன் எல்லாம் காரைவிட்டு இறங்காமலே தெரியும். பிள்ளைகளுக்கு 8×30 தொலைநோக்கி பாரமில்லாதது. பூநாரை பார்க்க ஆசையென்றால் சுண்டிக்குளம், அல்லது மன்னாரின் வங்காலை. சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவானது. மழை பெய்த மறுநாள் மண்பாதையில் கார் புதையும், நாலு நாள் கழித்துப் போங்கள். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு பூநகரி வழியாக மன்னார் கிட்டிவிட்டது. என்றாலும் போய்வர ஒரு முழுநாள் வேண்டும். பூநாரைகள் கூட்டமாக நின்றால் படத்துக்காகக் கிட்டப் போய்க் கலைக்க வேண்டாம். நீண்ட பறப்பில் வந்த பறவைக்கு ஒவ்வொரு எழும்பலும் தின்ற தீனியைத் தின்னும்.

இந்தக் காலத்தில் கடலுக்கும் தீவுகளுக்கும் போகலாமா?

வாடை நேரே அடிப்பது வடக்குக் கரையில். அதனால் கசூரினாவில் மார்கழியில் மணலில் விளையாடலாம், குளிக்க இறக்க வேண்டாம். வேலணையின் சாட்டி தெற்குப் பார்த்த கரை, அலை குறைவு. அங்கேயும் பெரியவர் தண்ணீருக்குள் நின்றால்தான் பிள்ளை இறங்கலாம். கீரிமலைக் கேணிக்குக் காலையிலேயே போங்கள், பாசிப்படியில் வழுக்கும்.

நெடுந்தீவின் குதிரைகளும் பெருக்கமரமும் பிள்ளைகள் மறக்காத காட்சி. குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலப் படகு. காற்றடித்தால் சேவை நிற்கும். கடைசிப் படகு நின்றுபோனால் இரவுக்கு அங்கேதான் என்பதை நினைத்து மாற்றுடையும் மருந்தும் எடுங்கள். கைக்குழந்தையோடு என்றால் நயினாதீவு போதும், படகுப் பயணம் சிறிது.

மழைவெள்ளத்தில் காகிதக் கப்பல் விட விடலாமா?

முற்றத்தில் இப்போது பெய்த மழைத்தண்ணீரில் தாராளமாக விடட்டும். வாய்க்காலிலும் வயலிலும் தேங்கிய தண்ணீர் வேறு கதை, எலிச்சிறுநீர் கலந்திருக்கும். 2024 டிசெம்பரில் யாழ் மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களும் போயின. காலில் புண் இருந்தால் இறக்கவே வேண்டாம். விளையாடிய பின் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிறகு சில நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், தண்ணீரில் விளையாடியதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். டெங்குக்கும் இதுதான் காலம். கப்பல் விட்ட தாழியையும் மழைமானியையும் கிழமைக்கு ஒருமுறையாவது கவிழ்த்துக் கழுவுங்கள். வழுக்கையாறு ஓடுவதைக் காட்டலாம், மாரியில் மட்டும்தான் ஓடும். ஆனால் பாலத்தின் மேல் நின்றபடி.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எது பிடிக்கும்?

பனி பார்த்த பிள்ளைகளுக்கு நம் குளிர் ஒரு பொருட்டல்ல, நுளம்புதான் பொருட்டு. முதல் இரண்டு நாளும் பயணம் வைக்க வேண்டாம். நித்திரை நேரம் மாறியிருப்பதால் அதிகாலை இருட்டில் விழித்திருக்கவும் கூடும். அதையே திருவெம்பாவைக்குப் பயன்படுத்துங்கள். இங்குள்ள மச்சான், மச்சாளோடு கிளித்தட்டு விளையாட விட்டால் மொழி தானாக ஓடும். மழைவிட்ட மணல் முற்றத்தில் கோடு கீறவும் சுகம், விழுந்தாலும் நோகாது.

பொங்கலன்று விறகு எரியாமல் புகைகிறது. பிள்ளைகள் உதவலாமா?

மார்கழி முழுக்க நனைந்த விறகு தைக்கு எரியாது. விடுமுறை தொடங்கிய நாளிலேயே பிள்ளைகளிடம் காவோலை, பன்னாடை, ஊமல் (காய்ந்த பனங்கொட்டை), பொச்சுமட்டை பொறுக்கும் வேலையைக் கொடுத்து, கோடிப்புறத் தாழ்வாரத்தில் செங்கல்மேல் அடுக்கச் சொல்லுங்கள். நேரே நிலத்தில் அடுக்கினால் ஈரம் ஏறும், தேளும் ஒளிக்கும். எடுக்கும்போது தடியால் தட்டிவிட்டு எடுக்க வேண்டும். பொங்கல் காலையில் பன்னாடையைப் பற்றவைத்து, அதன்மேல் காவோலை, பிறகு ஊமல், கடைசியில் விறகு. அடுப்பை வாடைக்கு மறைப்பாக வைத்து, வாயை மட்டும் காற்று இலேசாகத் தொடும்படி திருப்புங்கள். நேரே காற்றைப் பார்த்தால் சுவாலை பானைக்கு அடியில் நில்லாமல் பின்னால் ஓடிவிடும், பால் பொங்க ஒரு மணித்தியாலம் போகும்.